லூயி பிரீமாவும் லாஸ் வேகஸ் லவுஞ்ச் மேடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூயி பிரீமா யார்? ஒரே பத்தியில் சொல்ல முடியுமா?

1910 டிசம்பர் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஒரு சிசிலியக் குடும்பத்தில் பிறந்தவர். ட்ரம்பெட் வாசித்தார், பாடினார், பாட்டு எழுதினார், பேண்ட் நடத்தினார். 1930களில் நியூயார்க் ஜாஸ் கிளப், 1940களில் பெரிய பேண்ட், 1950களில் லாஸ் வேகஸ் லவுஞ்ச் என மூன்று தனித்தனி வாழ்க்கைகள் அவருக்கு வாய்த்தன. பெயர் நிலைத்தது மூன்றாவதால். அவர் பெயரே கேள்விப்படாதவர்கள்கூட டிஸ்னியின் 1967 'ஜங்கிள் புக்' படத்தில் அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். மௌக்லியைக் கடத்திவைத்து ஆடிப்பாடும் அந்தக் குரங்கு அரசன் பிரீமாதான்.

லவுஞ்ச் என்பது என்ன? ஹோட்டலின் பெரிய அரங்கிலிருந்து எப்படி வேறுபட்டது?

1950களின் லாஸ் வேகஸ் ஹோட்டல் ஒவ்வொன்றிலும் இரண்டு மேடைகள் இருந்தன. ஒன்று ஷோரூம். முன்பதிவு, இரவு உணவு, திரைச்சீலை, நடனப் பெண்கள், முழு ஆர்கெஸ்ட்ரா எல்லாம் அங்கே. வாசல் பலகையில் பெரிய எழுத்தில் வரும் நட்சத்திரங்கள் பாடியதும் அங்கேதான். இன்னொன்று லவுஞ்ச். சூதாட்டத் தளத்தை ஒட்டிய பார். அதில் ஓரமாக ஒரு சின்ன மேடை. நுழைவுக் கட்டணம் இல்லை, ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு உட்காரலாம். பல லவுஞ்சுகளில் மேடை பார் கவுண்டருக்குப் பின்னாலேயே இருக்கும். பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஒருவர் ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பார்.

இதில் ஹோட்டல்காரர் போட்ட கணக்கு எளிது. ஷோரூம் நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் ஆள் நேராக அறைக்குப் போய்ப் படுத்துவிட்டால் நஷ்டம். விடியும்வரை அவரைச் சூதாட்ட மேசைக்குக் கூப்பிடு தூரத்தில் வைத்திருக்க வேண்டும். லவுஞ்ச் இருந்தது அதற்காக. இரவு முழுக்க லவுஞ்ச் நடத்தும் பழக்கத்தை லாஸ்ட் ஃப்ரான்டியர் ஹோட்டலில் ஊன்றிய பெருமையை மேரி கே ட்ரையோவுக்குக் கொடுப்பது வழக்கம். அதை ஊரே பேசும் விஷயமாக்கியவர் பிரீமா.

லவுஞ்சில் பாடுவது அப்போது படியிறக்கம். ஷோரூம் கிடைக்காதவர்கள் ஏறும் மேடை அது. பிரீமா அங்கே செய்த ஒவ்வொன்றும், அதாவது வேகம், கூச்சல், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விடாதது, பக்கத்தில் சிலைபோல் நின்ற மனைவி கீலி ஸ்மித் எல்லாமே, அந்த அறையின் தொல்லைகளைச் சமாளிக்கக் கண்டுபிடித்தவை. இதை மறந்துவிட்டு அவர் ரெக்கார்டுகளைக் கேட்டால் வெறும் கோமாளித்தனமாகத்தான் படும்.

1954இல் லவுஞ்ச் மேடைக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

சிறுவயதில் தாய் வயலின் கற்க வைத்தார். அண்ணன் லியோன் ட்ரம்பெட் வாசித்ததைப் பார்த்து இவரும் அதற்கு மாறினார். நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்த பையனுக்கு லூயி ஆர்ம்ஸ்ட்ராங்தான் ஆதர்சம். கரகரப்பான குரல், சொல்லை உடைத்துப் பொருளில்லாத அசைகளால் பாடும் ஸ்கேட், ட்ரம்பெட்டின் தாக்கு, எல்லாவற்றிலும் அந்தப் பாதிப்பு வெளிப்படை. பேண்ட் தலைவர் கை லம்பார்டோ ஊக்கம் கொடுக்க 1934இல் நியூயார்க் போனார். மாநிறத்தைப் பார்த்துக் கறுப்பினத்தவர் என்று நினைத்து ஒரு கிளப் முதலாளி அவருக்கு வேலை தர மறுத்தார். மறு ஆண்டே 52ஆம் தெருவில் திறந்த ஃபேமஸ் டோர் கிளப்பில், பீ வீ ரஸ்ஸல் கிளாரினெட் வாசித்த தன் 'நியூ ஆர்லியன்ஸ் கேங்' குழுவோடு பெயர் வாங்கிவிட்டார்.

1936இல் 'சிங், சிங், சிங்' பாட்டை எழுதிப் பதிவு செய்தார். பென்னி குட்மன் மறு ஆண்டு அதை நீண்ட வாத்திய இசையாக்கி, 12 அங்குல இசைத்தட்டின் இரு பக்கமும் நிரப்பினார். 1938 ஜனவரி 16 கார்னெகி ஹால் கச்சேரியில் ஜீன் க்ரூப்பாவின் ட்ரம்ஸோடு அது அரங்கை அதிரவைத்தது. இன்றும் ஸ்விங், அதாவது அந்தக் காலத்துப் பெரிய பேண்டுகளின் நடன ஜாஸ் இசை, என்றதும் பலர் காதில் ஒலிக்கும் மெட்டு அது. எழுதியவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் குட்மன் என்பார்கள்.

1940களில் பெரிய பேண்ட். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே இத்தாலியச் சொற்கள் கலந்த 'ஆஞ்சலினா' போன்ற பாட்டுகளைப் பாடி வெற்றி கண்டார். ஆஞ்சலினா அவர் தாயின் பெயரும்கூட. ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டரில் கறுப்பினப் பார்வையாளர்கள் முன்பும் வாசித்தார். அந்தக் காலத்து வெள்ளைக்கார பேண்ட் தலைவர்களில் இது அபூர்வம்.

அவ்வளவு வெற்றி பெற்றவர் ஏன் லவுஞ்சுக்கு இறங்க வேண்டியிருந்தது?

ரசனை மாறியது ஒரு காரணம். அதைவிடப் பெரியது பணம். பதினைந்து, பதினெட்டு பேருக்கு வாரச் சம்பளம், பஸ், தங்கும் இடம் எல்லாம் தலைவர் பொறுப்பு. 1944இல் கூட்டாட்சி அரசு கேபரே வரியை 30 சதவீதமாக்கி, சில மாதங்களில் 20 ஆகக் குறைத்தது. சாப்பாடோ குடியோ விற்கும் இடத்தில் யாராவது பாடினாலோ வாடிக்கையாளர் ஆடினாலோ மொத்த பில்லுக்கும் அந்த வரி. வெறும் வாத்திய இசைக்குக் கிடையாது. நடன அரங்கு முதலாளிகள் பாடகரையும் ஆட்டத்தையும் நிறுத்திவிட்டு நான்கைந்து பேர் குழுவுக்கு மாறினார்கள். 1946 இறுதியில் குட்மன், டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ் என்று வரிசையாகப் பேண்டைக் கலைத்தார்கள். வரி 1960இல் 10 சதவீதமாகி 1965இல்தான் முழுதாகப் போனது. பிரீமா மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார், அவ்வளவுதான்.

காஸ்பார் லவுஞ்சில் எப்படி இடம் கிடைத்தது?

1954 வாக்கில் கையில் காசில்லை, மனைவி கீலி ஸ்மித் கர்ப்பம். சஹாரா ஹோட்டலின் கேளிக்கைப் பிரிவை நடத்திய பில் மில்லரை பிரீமாவுக்கு முன்பே தெரியும். அவரிடம் கேட்டு வாங்கிய வேலைதான் இது. ஷோரூம் கிடைக்கவில்லை, காஸ்பார் லவுஞ்ச், அதுவும் இரண்டு வாரத்துக்கு. நவம்பர் இறுதியில் தொடங்கினார். இரண்டு வாரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

சாம் பியூட்டெரா யார்? அவர் இல்லாமல் இது நடந்திருக்குமா?

நடந்திருக்காது என்பதே எங்கள் கருத்து. பியூட்டெராவும் நியூ ஆர்லியன்ஸ்காரர், டெனர் சாக்ஸபோன் கலைஞர். லியோன் பிரீமாவின் 500 கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவரைத் தம்பி பிரீமா போன் போட்டு அழைத்தார். கிறிஸ்துமஸைக் குடும்பத்தோடு கழித்துவிட்டு டிசம்பர் 26 அன்று வந்து சேர்ந்தார். குழுவுக்குப் பெயர் என்ன என்று மேடையிலேயே பிரீமா கேட்க, 'விட்னஸஸ்' என்று வாயில் வந்ததைச் சொன்னார். அதுவே பெயராயிற்று.

பியூட்டெரா கொண்டுவந்தது நியூ ஆர்லியன்ஸ் ரிதம் அண்ட் ப்ளூஸின் அடி. அதுவரை பிரீமாவிடம் இருந்தது ஸ்விங். இரண்டும் சேர்ந்ததால்தான் ராக் அண்ட் ரோல் வந்து பழைய பாடகர்களை ஓரங்கட்டிய அதே ஆண்டுகளில், 45 வயதைத் தொட்ட பிரீமா இளைஞர்களுக்கும் பிடித்துப்போனார். பாட்டுகளின் ஒழுங்கமைப்பு பெரும்பாலும் பியூட்டெராவின் வேலை.

மேடையில் எத்தனை பேர்?

டெனர் சாக்ஸ், ட்ராம்போன், பியானோ, கிட்டார், பாஸ், ட்ரம்ஸ் என ஆறு பேர். பிரீமாவின் ட்ரம்பெட்டும் குரலும், கீலியின் குரலும் சேர்ந்தால் எட்டு. காற்று வாத்தியம் மூன்றே. ஆனாலும் பெரிய பேண்ட்போல் ஒலிக்கக் காரணம், மூன்றும் ஒரே சின்னச் சொற்றொடரைச் சேர்ந்து ஊதுவது. வாத்தியம் கையில் இல்லாத நொடியில் வாயால் கத்துவதும் அவர்கள் வேலையே.

ஓர் இரவு எப்படி ஓடும்?

நள்ளிரவில் தொடங்கி விடிகாலை ஆறு மணி வரை ஐந்து காட்சிகள். மற்ற ஹோட்டல்களில் பாடி முடித்த நட்சத்திரங்கள் இங்கே வந்து உட்காருவார்கள். அவர்களைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

காட்சிக்குள் முக்கிய விதி: நிறுத்தக் கூடாது. டிக்கெட் வாங்கி வந்தவர் பாட்டு முடிந்தால் கைதட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். லவுஞ்ச்காரருக்கு அந்தக் கடமை இல்லை. ஐந்து நொடி மௌனம் விழுந்தால் எழுந்து மேசைக்குப் போய்விடுவார். அதனால் ஒரு பாட்டின் கடைசி அடியிலேயே அடுத்த பாட்டு பிறந்துவிடும். பிரீமாவின் மெட்லிகள், அதாவது பாட்டோடு பாட்டை ஒட்டிய தொடர்கள், உருவானது இப்படித்தான். மெதுவான பாட்டும் ஆபத்து. 'பூனா செரா'வைக் கேட்டுப் பாருங்கள். நேப்பிள்ஸ் நிலவொளிக் காதல் பாட்டாக மெல்லத் தொடங்கும். கேட்பவர் பேச்சைத் தொடங்குவதற்குள் தாளம் மாறி மொத்தக் குழுவும் பாய்ந்துவிடும்.

கீலி ஸ்மித் ஏன் சிரிக்காமல் நின்றார்? சண்டையா?

அது நடிப்பு, துல்லியமாகக் கணக்கிட்ட நடிப்பு. கீலி 1928 மார்ச் 9 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர். 1948இல் பிரீமாவின் குழுவில் பாடகியாகச் சேர்ந்தார், 1953இல் திருமணம். நெற்றியில் நேராக வெட்டிய குட்டை முடி, கையை அசைக்காத நிற்பு, எங்கோ பார்க்கும் கண். பக்கத்தில் பிரீமா குதித்து, முகம் கோணி, அவர் உடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். கீலி கண்டுகொள்ள மாட்டார். பிறகு ஒரே ஒரு வார்த்தையில் காலை வாருவார். சிரிப்பு வெடிப்பது அங்கேதான்.

மேடை சின்னது, இரண்டு பேரும் ஆட இடமில்லை. கவனம் சிதறிய அறையில் இருவரும் கத்தினால் வெறும் இரைச்சல். ஒருவர் அசையாமல் நின்றால் மற்றவரின் ஆட்டத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இவர்களைப் பின்பற்றும் இரட்டையர் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்: பாடகி ஓரக்கண்ணால் சிரித்துவிடுவார்.

நகைச்சுவை ஒருபுறம் இருக்க, இருவரில் நல்ல பாடகர் யார் என்றால் தயங்காமல் கீலி. ஸ்ருதி பிசகாது, சொல் ஒவ்வொன்றும் தெளிவு. நெல்சன் ரிடில் இசையமைப்பில் 1957இல் வந்த 'ஐ விஷ் யூ லவ்' தொகுப்பு போதும், சான்றுக்கு.

'ஜஸ்ட் எ ஜிகலோ' பாட்டு எங்கிருந்து வந்தது? எப்படிக் கட்டப்பட்டது?

அது இரண்டு பாட்டு. முதல் பாதி, லியோனெல்லோ கசூச்சி மெட்டமைத்து யூலியஸ் பிராமர் ஜெர்மனில் எழுதிய பாட்டு. போருக்குப் பின் கூலிக்கு நடனமாடிப் பிழைக்கும் முன்னாள் ராணுவ அதிகாரியைப் பற்றியது. ஆங்கில வரிகள் 1929இல் இர்விங் சீசர் எழுதியவை. இரண்டாம் பாதி 'ஐ எய்ன்ட் காட் நோபடி', 1910களின் பழைய பாட்டு.

ஒட்டுப்போட்ட இடத்தைக் கவனியுங்கள். முதல் பாட்டின் கடைசி வரி, 'நான் இல்லாமலே வாழ்க்கை போய்க்கொண்டிருக்கும்' என்ற பொருளில் முடிகிறது. 'ஏனென்றால்' என்று ஒரு சொல் சேர்த்தால், 'எனக்கு யாருமில்லை' என்ற இரண்டாம் பாட்டு அதற்குக் காரணமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. தையல் தெரியாது. அதன் பின் குழு 'நோபடி' என்று எதிரொலிக்க, பிரீமா சொற்களைக் கைவிட்டு ஸ்கேட்டில் இறங்க, தனிமை பற்றிய இரண்டு புலம்பல்கள் அந்த அறையிலேயே மிகக் கொண்டாட்டமான ஆறு, ஏழு பேரின் கூட்டுக் கத்தலாகிவிடுகின்றன.

1985இல் டேவிட் லீ ராத் இந்த ஒட்டுப்பாட்டை அப்படியே பாடிப் பெரிய வெற்றி பெற்றார். ஒழுங்கமைப்பு தன்னுடையது, ஆனால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பியூட்டெரா வருந்தினார். மெட்டுக்கும் வரிக்கும் உரிமை பதிவாகும். ஒழுங்கமைப்பைத் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் செய்தவருக்கு எதுவும் வராது.

அந்த ஷஃபிள் தாளத்தை வாசிக்க முயல்கிறோம், சரியாக வரவில்லை. எங்கே தப்பு?

முதலில் கணக்கு. நான்கு அடி. ஒவ்வொரு அடியையும் திஸ்ர நடைபோல் 'தகிட' என்று மூன்றாகப் பிரியுங்கள். 'த', 'ட' இரண்டையும் ஒலித்து, 'கி'யை விழுங்குங்கள். அதுதான் ஷஃபிள். ட்ரம்மர் சிம்பலில் இதை ஓட்டியபடி, 2ஆம் 4ஆம் அடியில் ஸ்னேரை ஓங்கி அடிக்க வேண்டும். பாஸ் நான்கு அடியிலும் ஒரு சுரம் நடக்க வேண்டும்.

வழக்கமாகக் கெடுவது வேகத்தில். வேகம் கூடக் கூட 'ட' முன்னால் நகர்ந்து, மூன்று பிரிவு இரண்டு சமப் பிரிவாகித் தட்டை ராக் ஆகிவிடும். மறுகோடியில், 'ட'வை மிகவும் பின்தள்ளி அடுத்த அடியோடு ஒட்டிவிட்டால் அணிவகுப்புத் தாளம் போலாகும். நிமிடத்துக்கு 90 அடியில் ட்ரம்ஸும் பாஸும் மட்டும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இருவரும் ஒன்றான பிறகு ஐந்தைந்தாக ஏற்றுங்கள். 'ட' நகரத் தொடங்கும் வேகம்தான் உங்கள் இன்றைய எல்லை. அதைத் தாண்டி மேடையில் வாசிக்க வேண்டாம்.

அடுத்து சாக்ஸ். பியூட்டெரா தொண்டையால் உறுமியபடி ஊதுவார். சுரங்கள் குறைவு, அடி கனம். இங்கே பீபாப் எனும் அதிவேக ஜாஸ் பாணியில் சுரம் கொட்டினால் தாளம் காணாமல் போகும். ட்ரம்பெட் தனி ஆவர்த்தனம் ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். பாடிக்கொண்டே ஊதுபவரின் உதடு இரவு முழுக்கத் தாங்க வேண்டும். குழுவின் கோரஸை அழகாக இசைவுபடுத்தாதீர்கள். ஒரே சுரத்தில் கத்தினால் போதும். பிரீமாவின் இத்தாலிய உச்சரிப்பைப் போலி செய்வதையும் விட்டுவிடுங்கள், அது அவர் வீட்டுப் பேச்சு.

கிராமி விருது கிடைத்ததா?

கிடைத்தது, முதல் கிராமி விழாவிலேயே. ஹெரால்டு ஆர்லன் மெட்டமைத்த 'தட் ஓல்ட் பிளாக் மேஜிக்' பாட்டை பிரீமாவும் கீலியும் பாடி 1958இல் பில்போர்டு பட்டியலில் 18ஆம் இடம் வரை போனது. 1959 மே மாதம் குரல் குழுவுக்கான விருதைப் பெற்றது. 1961 ஜனவரியில் கென்னடி பதவியேற்பையொட்டிய கலைவிழாவிலும் அந்தப் பாட்டோடு மேடையேறினார்கள்.

பிரிந்த பிறகு?

1961இல் விவாகரத்து. அதற்குள் டெசர்ட் இன் ஹோட்டலுக்கு மாறியிருந்தார்கள், ரெக்கார்டு நிறுவனமும் கேப்பிட்டலிலிருந்து டாட் ஆகியிருந்தது. பிரீமா புதுப் பாடகி ஜியா மயோனேயைச் சேர்த்துக்கொண்டு 1963இல் மணந்தார். அவருக்கு அது ஐந்தாம் திருமணம். ஜியா நன்றாகவே பாடினார். ஆனாலும் பழைய மோதல் திரும்பவில்லை. கீலி தனியாகப் பாடி, 1964இல் லெனன்–மெக்கார்ட்னி பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். பிறகு நீண்ட இடைவெளிகள். 2008 கிராமி விழாவில் கிட் ராக்குடன் 'தட் ஓல்ட் பிளாக் மேஜிக்' பாடியபோது அவருக்கு வயது 79. 2017 டிசம்பர் 16 அன்று மறைந்தார்.

ஜங்கிள் புக் வாய்ப்பு எப்படி வந்தது?

குரங்கு அரசனுக்கு லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பெயர் அடிபட்டது. கறுப்பினக் கலைஞரைக் குரங்காகக் காட்டினால் என்ன ஆகும் என்று டிஸ்னி தரப்பு பின்வாங்கி பிரீமாவிடம் வந்தது. பாட்டு ஷெர்மன் சகோதரர்களுடையது. மேடையில் பிரீமாவும் விட்னஸஸும் வரிசையாக ஆடி வருவதைப் பார்த்தே ஓவியர்கள் குரங்குகளின் அசைவை வரைந்தார்கள்.

கடைசி ஆண்டுகள்?

1960களின் பிற்பகுதியில் லவுஞ்ச் காலம் ஓய்ந்தது. பிரீமா நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பி வாசித்தார். 1975இல் மூளைத்தண்டுக் கட்டிக்கு அறுவை சிகிச்சை. அதன் பின் நினைவு திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்து 1978 ஆகஸ்ட் 24 அன்று காலமானார். மெட்டரி கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவர் சமாதியில் 'ஜஸ்ட் எ ஜிகலோ'வின் கடைசி வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

'தி வைல்டஸ்ட்!' 1956 ஏப்ரலில் ஹாலிவுட்டில் பதிவானது, தயாரிப்பாளர் வாய்ல் கில்மோர். ஒரு வருடத்துக்கும் மேலாக இரவுதோறும் வாசித்துக் கெட்டிப்பட்ட பாட்டுகள் என்பதால் தயக்கமே இல்லை. 'ஜம்ப், ஜைவ் அன் வெயில்' இதில்தான். 'ஓ மரீ'யில் பிரீமா பாடுவதை பியூட்டெராவின் சாக்ஸ் பேச்சுப்போலவே திருப்பிச் சொல்வதைத் தவறவிடாதீர்கள். அடுத்து, சஹாராவிலேயே ரசிகர்கள் முன் பதிவான 'லாஸ் வேகஸ் பிரீமா ஸ்டைல்'. கீலிக்கு 'ஐ விஷ் யூ லவ்', பிறகு பில்லி மே இசையமைத்த 'பொலைட்லி!'.

பழைய தட்டு வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. கேப்பிட்டல் 1960களில் பல மோனோ (ஒரே ஒலித்தடப்) பதிவுகளை 'டுயோஃபோனிக்' என்ற பெயரில் போலி ஸ்டீரியோவாக்கி மறுபடி விற்றது. இடது வலதைச் சற்று முன்பின்னாக்கி, ஒன்றில் கீழ்ச்சுரத்தையும் மற்றதில் மேல்சுரத்தையும் தூக்கியிருப்பார்கள். ட்ரம்ஸின் அடி குழம்பிவிடும். உறையின் மேற்புறம் அந்தச் சொல் இருந்தால் வைத்துவிட்டு மோனோ தட்டைத் தேடுங்கள்.